பன்னிரண்டாவது வளைவில் ஒரு கோடு

1. மெல்லிய ஃபைல்

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, மேனேஜர் என் மேசையில் ஒரு ஃபைலை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

"ஏற்காடு மலைப்பாதை. காரு, சைக்கிளு. சைக்கிளுக்கு பிரேக் இல்ல. அந்தாளே ஒத்துக்கிட்டான். மேல போயி ஒரு நாள் பாத்துட்டு வந்து ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. மூடிடலாம்."

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இன்வெஸ்டிகேட்டராகச் சேர்ந்திருந்தேன். எங்களிடம் பாலிசி எடுத்த வண்டியால் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டால், நடந்தது என்ன என்று நேரில் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நாளிதழில் நிருபர். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்திருந்தேன். அங்கே ஐம்பது வரி, இங்கே ஒரு பக்கம்.

ஃபைலில் இருந்தது இதுதான். ஈரோட்டுத் துணி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு ஏற்காடு பார்த்துவிட்டு, தானே கார் ஓட்டி இறங்கிக்கொண்டிருந்தார். காலை பத்தரை மணி. கீழிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு. போலீசில் அவர் கொடுத்த புகார்: 'நான் என் பக்கத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பிரேக் இல்லாமல் வேகமாக வந்த சைக்கிள் என் காரின் இடது பின்கதவில் மோதியது.' சைக்கிளில் வந்தவர் பெயர் வெள்ளையன். ஊர் கிளியூர், வயது நாற்பத்திரண்டு. இரண்டு கூடை ஆரஞ்சோடு சேலம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலது மணிக்கட்டு முறிந்தது. காருக்குக் கதவில் ஒரு நசுங்கல். என் பழைய பத்திரிகையில் இதற்கு நான்கு வரிகூடக் கிடைத்திருக்காது.

வியாபாரி நேரே ஸ்டேஷனுக்குப் போனார். வெள்ளையன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதனால் எஃப்.ஐ.ஆர். வெள்ளையன் மேல் விழுந்தது. அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டிய குற்றம். வருகிற திங்கட்கிழமை கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறு அபராதத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒப்புக்கொண்டவருக்கு எங்கள் கம்பெனி எதுவும் தராது. விபத்து நடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. எலும்பு கோணலாகச் சேர்கிறது, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்காவிட்டால் அந்தக் கை இனிப் பாரம் தூக்காது என்று டாக்டர் எழுதிய சீட்டும் ஃபைலில் இருந்தது. ஆபரேஷனுக்கு வெள்ளையனிடம் வேறு வழி இல்லை. எங்கள் நஷ்டஈடு ஒன்றுதான் வழி.

2. ஏட்டு வரைந்த படம்

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போனேன். வழக்கை விசாரித்த ஏட்டு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம். பிப்ரவரி வெயிலிலும் மஃப்ளரைக் கழற்றவில்லை. பழகுவதற்கு நல்ல மனிதர். கேட்டதும், சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதிய பார்வை மகஜரையும், அந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்சையும் எடுத்துக் காட்டினார்.

ஸ்கெட்ச் சுத்தமாக இருந்தது. வளைவு, கார் நின்ற இடம், சைக்கிள் விழுந்த இடம், சிதறிய ஆரஞ்சு, ஒரு மரக்கிளை. எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தார். சாலையின் இடது ஓரமாக ஒரு நீளக் கோடும் இருந்தது. பக்கத்தில் 'சிராய்ப்புத் தடம், எழுபது அடி' என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க கோடு?"

"சைக்கிள் விழுந்து தேய்ச்சுக்கிட்டுப் போன தடம் சார்."

"சைக்கிள் விழுந்தது கோட்டோட கீழ் முனையில. கோடு அதுக்கு எழுபது அடி மேலயே ஆரம்பிக்குதே. விழறதுக்கு முன்னாடியே தேய்க்குமா?"

ஏட்டு படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழைய கோடா இருக்கும் சார். எழுபதோட டேப்பு முடிஞ்சுபோச்சு. மேல இன்னும் போச்சு, நான் அளக்கல."

"அந்த மரக்கிளை?"

"ரோட்டுல கெடந்துச்சு. வண்டி போற எடம்னு பள்ளத்துல தள்ளிட்டோம். சார், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. பிரேக் இருக்கான்னு நானே அவன்கிட்ட கேட்டேன். இல்லைன்னான். ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் இல்லைன்னான். அந்தா நிக்குது சைக்கிளு, நீங்களே பாருங்க."

சைக்கிள் சுவரோரம் நின்றது. முன்னும் பின்னும் பிரேக் ரப்பர் இல்லை. தேய்ந்துபோகவில்லை, கழற்றப்பட்டிருந்தது. கேரியரின் அடியில் ஒரு முழம் தேங்காய் நார்க் கயிறு தொங்கியது, முனை பிய்ந்து. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது.

3. கேட்காததைச் சொல்லாதவர்

கிளியூரில் வெள்ளையன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. வாசலில் அவர் மனைவி குப்பாயி மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த ஃபைலைப் பார்த்ததும் உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

"ஏனுங்க, இன்னொருத்தரு பேப்பரத் தூக்கிட்டு வந்துட்டாருங்க. வந்தவங்க எழுதின பேப்பரச் சேத்திருந்தா ஊட்டுக்குக் கூரையே மேஞ்சிருக்கலாம்."

வெள்ளையன் வெளியே வந்தார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்திருந்தார். நான் யார், எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"கார்க்காரரு மேல தப்பில்லீங்க. நான் திங்கக்கெழம ஒத்துக்கறேன்னு சொல்லிட்டேனுங்க."

"சைக்கிளுக்கு பிரேக் ஏன் இல்லீங்க?"

"ரப்பர் எதுக்குங்க? பாரத்தோட எறங்கினா மூணு வளைவு தாங்காது. ரிம்மு காஞ்சு டியூப்பு வெடிச்சுப்போயிரும். இங்க எறங்கற வண்டி எதுலயும் ரப்பர் இருக்காதுங்க."

"அப்பறம் எப்படி நிறுத்துவீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். குப்பாயிதான் பதில் சொன்னார்.

"கொப்பு கட்டித்தானுங்க. கொப்பு கட்டாம எவனாச்சும் இந்த மலையில எறங்குவானா?"

பிறகு விவரமாகச் சொன்னார்கள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், தழையோடு ஒரு சில்வர் ஓக் கிளையை வெட்டி, கயிற்றால் கேரியரில் கட்டிவிடுவார்கள். கிளை தரையில் இழுபட்டு வரும். அதன் இழுவையில் சைக்கிள் நடை வேகத்துக்கு மேல் போகாது. காலை ஊன்றினால் நின்றுவிடும். அடிவாரத்தில் கிளையை அவிழ்த்து டீக்கடைக்காரரிடம் போட்டுவிட்டு, அவர் தரும் ஒரு டீயைக் குடித்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார்கள். அந்தக் கடைக்காரர் விறகு வாங்கியதே கிடையாதாம்.

"அன்னைக்கும் கட்டியிருந்தீங்களா?"

"கட்டாம எப்படிங்க?"

"இத ஏன் போலீஸ்ல சொல்லல?"

"அவரு கேக்கலீங்களே. பிரேக் இருக்குதான்னாரு. இல்லீங்கன்னேன். மறுக்கா கேட்டாரு. அப்பவும் இல்லதானுங்க."

குப்பாயி குறுக்கே வந்தார். "இவரு சட்ட போட்டுட்டுப் போனாருங்கறதயும் நாங்க சொல்லலீங்க. அதயும் எழுதிக்குவீங்களா?"

மோதல் எப்படி நடந்தது என்று கேட்டேன். வெள்ளையன் சொன்னது: பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. அவர் ஓரம் ஒதுங்கினார். கார் ஒட்டிக்கொண்டே வந்தது. திடீரென்று யாரோ சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. தூக்கி வலப்பக்கம் எறிந்தது. காரின் மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தார்.

"கொப்பு கல்லுல மாட்டிருக்குமுங்க. கயித்த நான் நீளமா உட்டுட்டேன்போல. என் தப்புதானுங்க அது."

இதனால்தான் அவர் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று அப்போது புரிந்தது. போலீசுக்குப் பயந்தல்ல. கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று ஐந்து வாரமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

4. பள்ளத்தில் கிடந்தது

குப்பாயி என்னோடு பன்னிரண்டாவது வளைவு வரை வந்தார். சாலையில் கோடு அழிந்துவிட்டிருந்தது. ஏட்டின் காகிதத்தில் அழியவில்லை. அவர் அளக்காமல் விட்ட மிச்சக் கோடு எங்கே போய் முடிந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. வெள்ளையன் கிளை கட்டிய இடத்தில்.

தடுப்புச் சுவரைத் தாண்டி குப்பாயிதான் முதலில் இறங்கினார். ஐந்து நிமிடத்தில் குரல் வந்தது. "இங்கிருக்குதுங்க! இந்த முடிச்சு அவரு போடறதுதான்."

ஒன்பது அடி நீளம். தழை காய்ந்து சுருண்டிருந்தது. அடிமுனையில் பிய்ந்த நார்க் கயிறு, சைக்கிளில் தொங்கிய அதே கயிறு. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை நைந்து நாராகியிருந்தது. நைந்த இடத்தின் ஓரத்தில் டயரின் பல் வரிசை தெளிவாகப் பதிந்திருந்தது. ஆறு போட்டோ எடுத்தேன்.

"இத எரிச்சுடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஊர் வழக்கப்படி அது அன்று மாலையே அடுப்புக்குப் போயிருக்கும்.

"ஏனுங்க, இது என்ன சொல்லுது?"

நான் எதிர்த்தரப்பு ஆள். பதில் சொல்லாமல் டயர் பதிந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். வேகமான நடை.

இறங்கும் பஸ்ஸில் ஃபைலை மறுபடி திறந்தேன். தன் காரைப் பழுதுபார்க்க வியாபாரி எங்கள் கம்பெனிக்கு ஒரு கிளெய்ம் ஃபாரம் கொடுத்திருந்தார். மூன்று முறை படித்த ஃபாரம்தான். வெள்ளையனுக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டிப்போன ஒரு வரி அதில் இருந்தது. 'மரக்கிளையின் மீது ஏறியதால் சைலன்சர் நசுங்கியது. அதையும் மாற்றித் தரவும்.'

போலீசில் கொடுத்த புகாரில் மரக்கிளை என்ற சொல்லே இல்லை. எங்களிடம் சைலன்சர் கேட்கும்போது மட்டும் அது வந்தது. இரண்டு காகிதமும் இரண்டு ஆபீசில் இருந்தன. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் படிக்கவில்லை.

கணக்கு எளிது. கிளை சைக்கிளுக்குப் பின்னால் இருந்தது. கார் கிளையின் மேல் ஏறியது. அப்படியானால் சைக்கிள் காருக்குப் பின்னால் வரவில்லை. கார்தான் சைக்கிளுக்குப் பின்னால் வந்தது. வளைவில் ஒட்டி முந்தப் பார்த்தது. டயர் கிளையை அழுத்தியதும், கட்டியிருந்த சைக்கிள் வெடுக்கென்று பின்னுக்கு இழுபட்டது.

5. மேனேஜர் ஓட்டிய சைக்கிள்

வெள்ளிக்கிழமை ஒரு பக்கத்துக்குப் பதில் நான்கு பக்கம் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாம யாருக்குப்பா இன்சூரன்ஸ்?"

"காருக்கு சார்."

"நீ யாருக்கு எழுதியிருக்கே?"

"நடந்தத எழுதியிருக்கேன் சார்."

"இது பேப்பர் ஆபீஸ் இல்ல. சரி, அத விடு. கொப்பு எங்கயாவது பிரேக் ஆகுமா? இருபது வருஷமா சைக்கிள்ல ஆபீஸ் வர்றேன். என்கிட்டயே கதை சொல்றியா?"

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

வாய் தவறி வந்துவிட்டது. எனக்கு வேலை நிரந்தரம் ஆகாத காலம். அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "நாளைக்குக் காலைல எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

முந்தின மாலை ஏற்காடு பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தேன்; சனிக்கிழமை பன்னிரண்டாவது வளைவுக்கு மேலே குப்பாயி தன் தம்பியின் சைக்கிளோடு காத்திருந்தார். கேரியரில் இரண்டு கூடை. கிளையைத் தானே கட்டினார். மேனேஜர் தடித்த உடம்பு. பேன்ட்டுக்கு கிளிப் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"காலால ஒதைக்காதீங்க சார். பயப்படாம குந்துங்க. கொப்பு பாத்துக்கும்."

"பயமெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன்.

சைக்கிள் இறங்கியது. கிளை தார்ச் சாலையில் சரசரவென்று கோடு போட்டது. அவ்வளவு சரிவில், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வரும் கார்போல் போய்க்கொண்டிருந்தார். என்னால் பக்கத்தில் நடந்தே கூட வர முடிந்தது. இருபது கஜம் போனதும் காலை ஊன்றினார். நின்றது. மீண்டும் விட்டார், மீண்டும் ஊன்றினார். நின்றது.

"அட!" என்றார். உடனே அடுத்த கேள்வி. "சரி, டயர் ஏறினா என்ன ஆகும்? நீ பின்னால வந்து கொப்ப மிதி."

"விழுந்துடுவீங்க சார்."

"மிதிப்பா, சொல்றேன்ல."

புல் இருந்த ஓரமாகப் பார்த்து இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். சைக்கிள் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்னுக்கு வந்தது. மேனேஜர் வலப்பக்கம் புல்லில் மல்லாந்து விழுந்தார். வெள்ளையன் சொன்ன அதே பக்கம். குப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயன் இல்லை, சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"என்ற ஊட்டுக்காரரும் அப்படித்தானுங்க உழுந்தாரு. அவரு மேல மட்டும் கேசு."

மேனேஜர் எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டே, "எழுதிக்கப்பா, வலப்பக்கம்" என்றார். பிறகு முழங்கையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே சொன்னார். "பாலிசிக்காரர் தப்பே பண்ண மாட்டார்னா பாலிசி எதுக்கு? அவர் பண்ற தப்புக்குத்தான நாம வித்தோம்."

குப்பாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. டயர் பதிந்த இடத்தில் வியாழக்கிழமை நான் விரல் வைத்துக் காட்டியது என்ன என்று, மேனேஜர் விழுந்த கணத்தில் அவருக்கு முழுதாக விளங்கிவிட்டது.

"அப்ப கல்லுல மாட்டல. அவரு முடிச்சுல தப்பில்ல. அப்படித்தான கண்ணு?" என்றார் என்னிடம். அதுவரை 'ஏனுங்க' என்றே கூப்பிட்டவர்.

"ஆமாங்க, முடிச்சுல தப்பில்லீங்க" என்றேன்.

6. திங்கட்கிழமை

அன்று காலை ஏற்காட்டிலிருந்து வந்த பஸ்ஸின் மேல் ஒன்பது அடி நீளக் காய்ந்த கிளை ஒன்று இருந்தது. அதற்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். குப்பாயி அந்த டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். கோர்ட் வாசலில் காவலுக்கு நின்றவர், "விறகெல்லாம் உள்ள கொண்டுவரக் கூடாது" என்று தடுத்தார். "இது விறகில்லீங்க, பிரேக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வேப்பமரத்தடியில் அதைச் சாய்த்து வைத்தார்.

வழக்கு எண் கூப்பிட்டார்கள். நான் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிரேக் இல்லாம அஜாக்கிரதையா சைக்கிள் ஓட்டி வந்து கார்ல மோதினதா கேஸ். ஒப்புக்கறீங்களா?"

"இல்லீங்க எசமான். பிரேக் இருந்துச்சுங்க. ஏட்டய்யாதானுங்க அதத் தூக்கிப் பள்ளத்துல போட்டுட்டாரு."

கோர்ட்டில் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. மாஜிஸ்திரேட் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். வெள்ளையனுக்காகக் குப்பாயி பிடித்து வந்திருந்த வக்கீல் ஜன்னல் வழியே வேப்பமரத்தைக் காட்டினார். மாஜிஸ்திரேட் எழுந்துபோய்ப் பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஏட்டுக்கு நான் மரியாதை செலுத்த வேண்டும். அவர் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. மஃப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கோட்டை நான்தான் அளந்தேன், ஐயா. விழுந்த எடத்துக்கு மேல எழுபது அடி. அது என்னன்னு அப்போ எனக்குத் தெரியல" என்றார்.

வழக்கு மறுவிசாரணைக்குப் போனது. ஏட்டே ஈரோட்டுக்குப் போய் வியாபாரியிடம் விசாரித்தார். எங்களிடம் கொடுத்த ஃபாரத்தின் நகலைக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை. "கிளை கிடந்ததுன்னுதான் நெனச்சேன், கட்டியிருந்தது தெரியாது" என்றார். அதுவும் உண்மைதான் என்று நினைக்கிறேன். வெள்ளையன் மேல் இருந்த வழக்கு நீங்கியது. வளைவில் முந்தியதற்கு வியாபாரி அபராதம் கட்டினார். எங்கள் கம்பெனி நஷ்டஈட்டு வழக்குக்குக் காத்திருக்காமல் சமரசம் செய்துகொண்டது. மேலிடத்துக்கு மேனேஜர் எழுதிய குறிப்பில் 'நேரடிச் சோதனை செய்யப்பட்டது' என்ற வரி இருந்தது. யார் விழுந்தார்கள் என்பது இல்லை.

சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. பிளேட் வைத்தார்கள்.

7. அதன் பிறகு

அந்த வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு கேஸைத்தான் சொல்வேன். சாட்சி பொய் சொல்வதைக் கண்டுபிடிக்க எல்லோரும் பழகிக்கொள்கிறார்கள். அது அவ்வளவு கடினம் அல்ல. உண்மையை மட்டுமே சொல்கிறவரிடம் பாதி விஷயம் வெளியே வராமல் நின்றுவிடும். அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவுக்குச் சாதாரணம். 'பிரேக் இருக்கிறதா' என்று கேட்டால் ஒரு வார்த்தை கிடைக்கும். 'எப்படி நிறுத்துவீர்கள்' என்று கேட்டால்தான் ஊரே வாய் திறக்கும்.

ஆறு மாதம் கழித்து வெள்ளையனும் குப்பாயியும் மீதிப் பணத்துக்கான வவுச்சரில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தார்கள். வெள்ளையன் மணிக்கட்டை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். மலையிலிருந்து சைக்கிளில்தான் இறங்கி வந்திருந்தார், இரண்டு கூடைப் பாரத்தோடு. மேனேஜர் ஜன்னல் வழியாகச் சைக்கிளை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க வெள்ளையன், புது ரப்பரா போட்டிருக்கீங்க? முன்னால பின்னால ரெண்டும் பளபளன்னு இருக்கே."

குப்பாயி பதில் சொன்னார். "அது போலீசுக்குக் காட்டறதுக்குங்க. நிறுத்தறதுக்குக் கொப்புதானுங்க."